மஞ்சள் துணியில் முடிந்த மூச்சு

2024-ஆம் வருஷம் ஜனவரி பதினெட்டாம் தேதி, வியாழக்கிழமை, பகல் பதினொன்றே முக்காலுக்கு, ஆந்திரப் பக்கத்து விஜயபுரம் மண்டலத்தைச் சேர்ந்த எங்கள் ஊரில், கோகுலகிருஷ்ணனின் மனைவி அம்சவேணி ஆறு வருஷமும் நாலு மாதமும் பிடித்து வைத்திருந்த மூச்சை வெளியே விட்டாள். அது முழுதாக வந்து முடிய மூன்று மணி நேரமும் கொஞ்சம் சில்லறையும் ஆனது. அதற்குள் நகரி ரோட்டில் காயப்போட்டிருந்த இருபத்திரண்டு வீட்டு நெல்லும் தூற்றி முடிந்தது. ஜல்லி ஏற்றி வந்த ஒரு லாரி நடுரோட்டில் நின்றது. அங்கன்வாடி வாசல் வேப்பமரத்தில் பழுத்த இலை ஒன்றுகூட மிச்சமில்லை. பலமனேரில் தக்காளி என்ன விலைக்குப் போனது என்று எழுதுகிற மாதிரிதான் இதையும் எழுதுகிறேன், ஏற்றியும் சொல்லவில்லை, இறக்கியும் சொல்லவில்லை. நம்பாதவர்கள் புத்தூரில் பஸ் ஏறி வந்து யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். எங்கள் ஊரில் பொய் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் இருபத்திரண்டு வீடும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்கிற அளவுக்கு எங்களுக்குள் ஒற்றுமை கிடையாது.

அம்சவேணி பாலசமுத்திரத்தில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் தெலுங்கும் வீட்டில் தமிழும் சந்தையில் இரண்டும் பேசி வளர்ந்தவள். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் குரல் ஊருக்கே தெரியும். ஏரிக்கரையில் மேய்கிற மாட்டை வீட்டு வாசலில் நின்றபடியே கூப்பிடுவாள், மாடு தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு நடக்க ஆரம்பிக்கும். கோகுலகிருஷ்ணனுக்கு ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. சாது மனுஷன், அதிகம் பேசமாட்டான். 2013-ல் இவர்களுக்கு அக்ஷயா பிறந்தாள். ஒன்றரை வயதில் அந்தக் குழந்தையிடம் நாலு வார்த்தைகள் இருந்தன. பால், காக்கா, டாட்டா, அம்மா. இரண்டு வயது முடிவதற்குள் நாலும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. கடைசியாகப் போனது அம்மா. வேலூரிலும் திருப்பதியிலும் டாக்டர்கள் பார்த்துவிட்டு ஆட்டிசம் என்றார்கள், பொறுமையாக விளக்கியும் சொன்னார்கள். ஊரில் வேறு பல பேர் வைத்தார்கள். அதையெல்லாம் இங்கே எழுதி அவர்களுக்கு மரியாதை சேர்த்துக் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு கஷ்டம் என்றால் முதலில் டாக்டர், அப்புறம் திருப்பதி மலை. சில வீட்டில் முதலில் மலை. வேண்டுதலை மொக்கு என்போம். அம்சவேணி மொக்காதது பாக்கியில்லை. தன் தலைமுடியை மூன்று தரம் கொடுத்தாள். அலிபிரி அடிவாரத்திலிருந்து நடந்தாள், முழங்கால் படிகளை முழங்காலாலேயே ஏறினாள். ஈரப் புடவையோடு அங்கப்பிரதட்சிணம் செய்தாள். குழந்தைக்கு முடி இறக்கப் போனபோது கத்தியின் சத்தத்துக்கு அக்ஷயா அலறிய அலறலில் பக்கத்து வரிசையில் நாலு பேர் பாதி மொட்டையோடு எழுந்து நின்றுவிட்டார்கள். அதோடு அதை விட்டாயிற்று. குழந்தைக்கு நாலு வயதானபோது கொடுப்பதற்கு அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. 2017 புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, விளக்கேற்றிவிட்டு, மஞ்சளில் நனைத்த துணி ஒன்றை எடுத்தாள். எல்லோரும் அதில் காசு முடிந்து வைப்பார்கள், காரியம் ஆனதும் மலைக்குக் கொண்டுபோய் உண்டியலில் போடுவார்கள். அவள் துணியை வாயருகே கொண்டுபோய் மூச்சை அதில் விட்டு முடிச்சுப் போட்டாள். அக்ஷயா என்னை அம்மா என்று கூப்பிடுகிறவரை இனி ஒரு மூச்சையும் முழுசாக விடமாட்டேன், கூப்பிட்ட அன்று இதை உன்னிடம் கொண்டுவந்து சேர்க்கிறேன் என்று சாமியிடம் மொக்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் மூச்சு உள்ளே போனால் பாதிதான் வெளியே வரும். மீதி முடிச்சுக்குப் போய்விடும். முதல் வருஷம் அது எலுமிச்சம்பழம் அளவு இருந்தது, மூன்றாவது வருஷம் விளாம்பழம், ஐந்தாவது வருஷம் உரித்த தேங்காய். குழந்தை எடுத்துவிடும் என்று சாமி மாடத்தில் வைக்காமல் இடுப்பில் கட்டிக்கொண்டாள். புடவைக்கு மேலே மேடாகத் தெரிந்ததால், எத்தனை மாசம் என்று கேட்காத பெண்பிள்ளை ஊரில் இல்லை. அவள் சிரித்து வைப்பாள். அந்தச் சிரிப்பும் பாதிதான். அடுப்பை ஊத முடியாது, விசிறியால் விசிறுவாள். சோறு சுட்டால் ஊதி ஆற்ற முடியாது, தட்டைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மாட்டைக் கூப்பிட்ட குரல் போன இடம் தெரியவில்லை. ஆஸ்பத்திரி நர்ஸம்மா நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே புயல் மாதிரி கேட்கிறது, ஆனால் பிரஷர் நார்மல் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தாள். இதில் ஒன்றை மட்டும் யாரும் கவனிக்கவில்லை, அம்சவேணியும் சேர்த்துத்தான். அக்ஷயா எப்போதும் அம்மாவின் இடது இடுப்பிலேயே கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்பாள். முடிச்சை அவிழ்த்துவிடப் போகிறாள் என்று பயந்து அம்சவேணி அவளைத் தள்ளித் தள்ளி விடுவாள்.

அக்ஷயாவுக்குக் காற்று என்றால் உயிர். ஃபேனுக்குக் கீழே படுத்தால் மணிக்கணக்கில் படுத்திருப்பாள். மார்கழிக்கு முன்னால் அந்தப் பெரும் புயல் வந்தபோது ஊரெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டிருக்க, அவள் கொல்லையில் கையை விரித்து நின்று சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை எங்கள் தெரு அதுவரை கேட்டதில்லை. காற்று இல்லாத நாட்களில்தான் வினை. நகரி ரோட்டில் பஸ்ஸும் லாரியும் போகும்போது அடிக்குமே ஒரு காற்று, அதற்காக ஓடுவாள். ஓடிப்போய் நடுரோட்டில் கையை விரித்து நிற்பாள். ஆடியில் ஒரு தரம் பால் வண்டிக்காரர் வண்டியை வாய்க்காலில் இறக்கி அவளைக் காப்பாற்றினார். ஐப்பசியில் இன்னொரு தரம் பஸ் அவள் பாவாடை ஓரத்தை உரசிக்கொண்டு போனது. அதற்கப்புறம் அம்சவேணி முந்தானையின் ஒரு முனையைக் குழந்தையின் மணிக்கட்டில் கட்டிக்கொண்டே வேலை செய்தாள். களையெடுக்கப் போனாலும் சரி, குளிக்கப் போனாலும் சரி, அந்த முடிச்சும் இந்த முடிச்சும் கூடவே இருக்கும்.

கோகுலகிருஷ்ணன் ஒருநாள் சாப்பிட்டு முடித்த கையைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்துகொண்டு பேசினான். திருப்பதியில் இந்த மாதிரிக் குழந்தைகளைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்கிற இல்லம் ஒன்று இருக்கிறது, உயரமாக கேட் போட்டிருக்கிறார்கள், பக்கத்தில் ரோடு கிடையாது, பொங்கல் முடிந்து வருகிற திங்கட்கிழமை, ஜனவரி இருபத்திரண்டு, கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். மகள் லாரியில் அடிபட்டாள் என்று போன் வருமோ என்று ஷிப்ட் முழுக்கப் பயந்துகொண்டு நிற்கிறவன் வேறு என்ன செய்வான்? இல்லமும் நல்ல இல்லம்தான். ஆனால் அம்சவேணி அன்று பாதி மூச்சையும் விடவில்லை. திங்கட்கிழமைக்குள் அக்ஷயா ஒரு தரம் கூப்பிட்டுவிட்டால் போதும், எல்லாம் மாறிவிடும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டாள். குழந்தையின் துணிமணி வைத்து அனுப்ப நீலப் பை ஒன்று வாங்கி வந்து அலமாரிமேல் வைத்தாயிற்று. அதைப் பார்க்காமல் நடக்க அம்சவேணி பழகிக்கொண்டாள்.

இந்தச் சமயத்தில்தான் ஸ்வர்ணலதா மேடம் வந்தது. வேலூர்ப் பக்கத்துப் பெண், கல்யாணமாகித் திருப்பதியில் இருப்பவர், முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள் மனசை நிதானமாக வைத்துக்கொள்ளப் பயிற்சி, வாரம் ஒருநாள், எட்டு வியாழக்கிழமை, இடம் அங்கன்வாடி என்று கிராமச் சச்சிவாலய ஆபீஸ் சுவரில் தெலுங்கில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். இரண்டு பஸ் மாறி, கையில் சுருட்டிய பாயோடு அவர் இறங்கிய முதல் வியாழனே பத்தொன்பது பேர் காத்திருந்தார்கள். எல்லோரும் தலைக்குக் குளித்து நெற்றி நிறைய இட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். ஒருத்தி தேங்காய் கொண்டுவந்திருந்தாள். முதல் இரண்டு வாரமும் அவர் கண்ணை மூடு என்றால் மூடினார்கள், மூச்சைக் கவனி என்றால் கவனித்தார்கள். இவ்வளவு ஒழுங்கான ஜனங்களை நான் பார்த்ததே இல்லை என்று அவர் ஆபீசுக்கு எழுதினாராம். மூன்றாவது வியாழன் எல்லோருக்கும் டீயும் வெங்காய பக்கோடாவும் வாங்கி வரச் சொன்னபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒருவரும் பக்கோடாவைத் தொடவில்லை. எட்டு வியாழன் என்றதும் இவர்கள் விரதம் என்று எடுத்துக்கொண்டு வெங்காயம் பூண்டு விட்டு, ஒரு வேளை சாப்பாட்டோடு வந்துகொண்டிருந்தார்கள். எட்டாவது வியாழன் பிள்ளைகள் பேசிவிடும் என்று இருந்தார்கள்.

வேறு ஆளாக இருந்தால் சிரித்து மழுப்பியிருப்பார்கள், இல்லையென்றால் விரதம் நல்லதுதான் என்று சொல்லி ஆள் குறையாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஸ்வர்ணலதா அப்படிச் செய்யவில்லை, அதற்காகவே அவருக்கு நான் எழுந்து நிற்பேன். பாயில் உட்கார்ந்தபடியே எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இது பிள்ளைங்களுக்கு இல்லம்மா, இது உங்களுக்கு" என்றார். பிறகு பாலசமுத்திரத்துக்காரர் முனிரத்தினம் பேசினார். அவர் மகன் சாய்குமாருக்குப் பன்னிரண்டு வயது, வகுப்பு நடக்கிற நேரமெல்லாம் வெளியே கிடக்கிற செருப்புகளைச் சின்னதிலிருந்து பெரிதுவரை வரிசையாக அடுக்கி வைப்பான். "எங்களுக்கு இன்னா மேடம் கொறச்சல்? புள்ள பேசுமா பேசாதா, அத்த சொல்லுங்க" என்றார். தெரியாது என்றார் ஸ்வர்ணலதா. சில பிள்ளைகள் பேசும், சில பேசாது, ஆனால் பெற்றவர்கள் இற்றுப்போய்விட்டால் அந்தப் பிள்ளையை யார் பார்ப்பது என்று கேட்டார். பதின்மூன்று பேர் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டு போய்விட்டார்கள். தேங்காய் கொண்டுவந்தவள் தேங்காயையும் எடுத்துக்கொண்டு போனாள்.

மிச்சம் ஆறு பேர். முனிரத்தினம், இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், பஸ் மூன்று மணிக்குத்தான் என்று உட்கார்ந்தார். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற சலீம் விரதமே இருக்கவில்லை, அதனால் அவருக்கு ஏமாற்றமும் இல்லை. பக்கோடா முழுவதும் அவருக்கே கிடைத்தது. அம்சவேணி போகாததற்குக் காரணம் அங்கன்வாடியின் ஃபேன். நல்ல பழைய இரும்பு ஃபேன், அதற்குக் கீழே அக்ஷயா அசையாமல் படுத்திருப்பாள். வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் மணிக்கட்டு முடிச்சை அவிழ்க்க முடியும். அடுத்த வாரம் ஸ்வர்ணலதா ஆளுக்கொரு உலர்ந்த திராட்சை கொடுத்து, முதல்முறை பார்ப்பதுபோல ஐந்து நிமிஷம் பாருங்கள் என்றார், புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறதாம். திராட்சை யாருக்கும் பிடிபடவில்லை. முனிரத்தினம் மடியிலிருந்து வேர்க்கடலையை எடுத்து விநியோகித்தார். அதற்கப்புறம் வகுப்பு அவர்கள் கைக்குப் போய்விட்டது. இந்தக் கடலை கடைசி மழைக்கு முன்னால் பிடுங்கியது, இதில் பூச்சி மூக்கு வைத்திருக்கிறது, இது மேட்டு நிலத்துக் கடலை, இதற்குத் தண்ணீர் ஒரு தரம் குறைந்திருக்கிறது என்று ஆளாளுக்குச் சொல்லச் சொல்ல, ஸ்வர்ணலதா நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். இவ்வளவு நேரம் ஒன்றைப் பார்க்கத் தெரிந்த நீங்கள் உங்களை என்றைக்காவது இப்படிப் பார்த்திருக்கிறீர்களா என்று மட்டும் கடைசியில் கேட்டார்.

அதற்கடுத்த வாரம் எல்லோரையும் மல்லாந்து படுக்கச் சொல்லி, கால் கட்டைவிரலில் தொடங்கி உடம்பு முழுவதையும் மனசால் தொட்டுக்கொண்டே வரச் சொன்னார். முழங்கால் வருவதற்குள் ஆறு பேரில் ஐந்து பேர் தூங்கிவிட்டார்கள். சாய்குமார் தாழ்ப்பாள் திறக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து முனிரத்தினம் மகனின் கையையும் தன் காலையும் கயிற்றால் இணைத்துக்கொண்டு படுக்கிறவர், ஒன்பது வருஷத்துத் தூக்கம் பாக்கி. அவரை எழுப்ப ஸ்வர்ணலதாவுக்கு மனசு வரவில்லை. மூன்று மணி பஸ்ஸை விட்டுவிட்டு ஆறு மணி பஸ்ஸில் போனார், அதுவரை சாய்குமாரோடு உட்கார்ந்து செருப்பு அடுக்கினார். தூங்காத ஆறாவது ஆள் அம்சவேணி. படுத்தால் இடுப்பு முடிச்சு நிமிர்ந்து நின்றது. மூச்சை விடுங்கள் என்று ஒவ்வொரு தரமும் மேடம் சொல்லும்போது அவள் உதட்டைக் கடித்துக்கொள்வதை அவர் பார்த்துவிட்டார்.

ஆறாவது வியாழன் எல்லோரும் போனபிறகு அம்சவேணி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். துணியைக் காட்டினாள், நீலப் பையைப் பற்றியும் சொன்னாள், திங்கட்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்றும் சொன்னாள். முழுசாகப் பேசி நிறைய நாளாகிவிட்டதால் ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று சொன்னாள். படித்தவர், மொக்கு மூடநம்பிக்கை என்பார் என்று எதிர்பார்த்திருக்கிறாள். அவர் அந்தத் துணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு ஃபேனுக்குக் கீழே கிடந்த பெண்ணைப் பார்த்தபடியே கேட்டார். "அவ கூப்பிடணும்னு மொக்கிக்கினு ஆறு வருஷம் மூச்சக் கட்டிக்கினு இருக்கீங்க. இது அக்ஷயாவுக்குத் தெரியுமாம்மா?"

அம்சவேணிக்குக் கோபம் வந்தது. பெற்றவளுக்கு அந்த ஒரு வார்த்தைமேல் ஆசை இருக்கக்கூடாதா என்று இருந்தது. ஏழாவது வியாழன் வந்தாள், ஆனால் மேடத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. பொங்கல் வந்தது, போனது. பொங்கலன்று அக்ஷயா வாசலில் ஆடுகிற கரும்புத் தோகையை அரைநாள் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரையும் கூப்பிடவில்லை.

எட்டாவது வியாழன், ஜனவரி பதினெட்டு. அன்று இலை அசையவில்லை. மெஷின் வைத்து அறுத்த நெல்லைத் தெருக்காரர்கள் நகரி ரோட்டில் அரை மைலுக்குப் பரப்பியிருந்தார்கள். பதர் நிறைய, தூற்றுவதற்குக் காற்று வேண்டும், மூன்று நாளாகக் காற்று இல்லை. முறத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லோரும் வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கன்வாடிக்குள் ஆறு பேரும் ஸ்வர்ணலதாவும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். பதினொன்று நாற்பதுக்குக் கரண்ட் போனது. ஃபேன் சுற்றிச் சுற்றி நின்றது. கண்ணை மூடியிருந்த ஏழு பேரில் ஒருத்தருக்கு மட்டும் அந்த நிசப்தம் கேட்டது. அம்சவேணி கண்ணைத் திறந்தபோது ஃபேனுக்குக் கீழே யாரும் இல்லை. வெளியே செருப்பு வரிசையில் சாய்குமார் ரோட்டுப் பக்கம் கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

அவள் ரோட்டுக்கு ஏறியபோது அக்ஷயா நூறடி தள்ளி, நடுரோட்டில், நெல்லின்மேல், முதுகைக் காட்டிக்கொண்டு கையை விரித்து நின்றாள். எதிரே திருத்தணிப் பக்கத்து ஜல்லி லாரி. டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டார், ஆனால் காய்ந்த நெல்லின்மேல் டயர் வழுக்கிக்கொண்டே வந்தது. அம்சவேணி மகள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பாதிக் குரல், ஐந்தடிகூடப் போகவில்லை. ஒரு காலத்தில் ஏரிக்கரை மாட்டைத் திருப்பிய குரல். அது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், இடுப்பில் இருக்கிறது. அவிழ்த்தால் மொக்கு தப்பும், அந்த வார்த்தையை இனி யாரிடமும் கேட்க முடியாது என்பதும் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஆறு வருஷத்து முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். தைரியசாலி என்று பேர் வாங்கியவர்கள் எங்கள் ஊரில் பலர் உண்டு, பாம்பைக் கையால் பிடித்தவர்கூட உண்டு. அவர்கள் யார் செய்ததையும் இதற்கு ஈடாக நான் வைக்க மாட்டேன்.

முதலில் வந்தது அந்தக் குரல்தான். அக்ஷயா என்ற பேர் விஜயபுரம் வரை கேட்டதாகச் சொல்கிறார்கள். அதன் பின்னால் மூச்சு வந்தது. முதல் நொடியில் ரோட்டு நெல்லின் பதர் மொத்தமாகக் கிளம்பி லாரியின் கண்ணாடியை மூடியது. அடுத்த நொடியில் லாரி, யாரோ நெஞ்சில் கை வைத்து நிறுத்தினதுபோல, அக்ஷயாவுக்கு எட்டடி முன்னால் நின்றுவிட்டது. எதிர்க்காற்றில் வண்டி நின்றது, பிரேக்கில் நிற்கவில்லை என்று டிரைவர் இன்றைக்கும் சொல்கிறார். அக்ஷயாவின் சடை அவள் முகத்துக்கு முன்னால் பறந்தது. அவள் லாரியைப் பார்க்கவே இல்லை. மெதுவாகத் திரும்பினாள். காற்று வருகிற திசையைப் பார்த்து, கண்ணை இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு அடியாக நடந்து வந்தாள். வந்து, அம்மாவின் வாய்க்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். புயலன்று சிரித்த அந்தச் சிரிப்பு அவளிடமிருந்து வந்தது. இத்தனை வருஷம் அவள் லாரிக்குப் பின்னால் ஓடியது எதைத் தேடி என்று அம்சவேணிக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணீர் கொட்டியது, மூச்சு நிற்கவில்லை.

இவ்வளவு நடந்தும் எங்கள் ஊர்க்காரர்கள் எங்கள் ஊர்க்காரர்கள்தான். கால் மணி நேரம் வாயைப் பிளந்து பார்த்தார்கள். காற்று நிற்கிறதாக இல்லை என்றதும் முனிரத்தினம், "வந்த காத்த வுட்டுட்டு நின்னுக்கினு இருக்கீங்களே" என்று யாருடைய முறத்தையோ எடுத்து நெல்லை அள்ளித் தூக்கினார். பதர் பறந்தது, நெல் மணி மணியாகக் காலடியில் விழுந்தது. உடனே இருபத்திரண்டு வீட்டுக்காரர்களும் முறத்தோடு இறங்கிவிட்டார்கள். லாரியால் முன்னே போக முடியவில்லை. சலீம் டிரைவரை ஆட்டோவில் உட்காரவைத்து, டீமேல் டீயாக வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஸ்வர்ணலதா வெறுங்காலோடு ஓடிவந்து அம்சவேணியின் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, மூன்று மணி நேரமும் அப்படியே நின்றார். கண்ணை மூடச் சொன்னது என் தப்பு என்று அன்றே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அவர் வகுப்பில் ஒருவர் எப்போதும் கண்ணைத் திறந்துகொண்டிருப்பார், முறை வைத்து.

முந்தின ஷிப்ட் முடிந்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த கோகுலகிருஷ்ணன், ஜன்னல் கதவு அடித்துக்கொள்வதைக் கேட்டு லுங்கியோடு ஓடிவந்தான். மகள் நிற்பதையும் மனைவி நிற்பதையும் பார்த்தான். யாரும் அவனுக்கு ஒன்றும் விளக்கவில்லை. அவனும் அக்ஷயாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான், கல்யாணமான புதிதில் வாசலில் கேட்ட குரலின் காற்று அவன் முகத்திலும் பட்டது. மூன்று மணிக்கு மூச்சு முடிந்தபோது அம்சவேணி அப்படியே ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்தாள். இடுப்பில் மேடில்லை, கையில் காலித்துணி. மொக்கு தப்பிவிட்டது, இனி அவள் கூப்பிட மாட்டாள் என்று முழுக் குரலில் அழுதாள். வீட்டுக்கு வந்ததும் கோகுலகிருஷ்ணன் அலமாரிமேல் இருந்த நீலப் பையை எடுத்து, அதில் விதைநெல்லைக் கட்டி பரண்மேல் போட்டான். திங்கட்கிழமை மற்ற திங்கட்கிழமைபோல வந்துவிட்டுப் போனது.

ஸ்வர்ணலதா ஆபீசுக்கு அனுப்பிய படிவத்தில், ஆழ்ந்து மூச்சுவிடப் பழகினாரா என்ற கட்டத்தில் ஆம் என்றும், எவ்வளவு நேரம் என்ற கட்டத்தில் மூன்று மணி பத்து நிமிஷம் என்றும் எழுதினார். ஆபீசில் கை தவறிவிட்டது என்று நினைத்து மூன்று நிமிஷம் பத்து விநாடி என்று திருத்தி வைத்தார்கள். அவர் இரண்டு தரம் கடிதம் எழுதியும் அது மாறவில்லை. எழுந்து போன பதின்மூன்று பேரில் பதினொரு பேர் அடுத்த சுற்றுக்குத் திரும்பி வந்தார்கள், வெங்காயம் சாப்பிட்டுவிட்டு. தேங்காய்க்காரி சட்னி அரைத்துக்கொண்டு வந்தாள். இப்போது பாலசமுத்திரத்திலும் ஒரு வகுப்பு நடக்கிறது. அங்கே கடலையைப் பார்க்கச் சொல்லிக் கொடுப்பது முனிரத்தினம், தூக்கம் வந்தால் வகுப்பிலேயே படுத்துவிடுவார், யாரும் எழுப்புவதில்லை.

மாசியில் மூவரும் மலைக்குப் போனார்கள். சத்தத்துக்காக அக்ஷயாவின் காதை மூடும் கருவியை ஸ்வர்ணலதா வாங்கிக் கொடுத்திருந்தார். கூட்டம் நெருக்கும்போதெல்லாம் அம்சவேணி குனிந்து மகளின் நெற்றியில் மெதுவாக ஊதினாள், அவள் அமைதியாக நகர்ந்து வந்தாள். உண்டியலருகே வந்ததும் அம்சவேணி மஞ்சள் துணியை எடுத்தாள். உள்ளே ஒன்றுமில்லை. சொன்னதைக் கொண்டுவராமல் வெறும் துணியோடு வந்து நிற்கிற வெட்கம் அவளுக்கு இருந்தது. அதை உதறி, மடித்து, உண்டியலுக்குள் போட்டாள். "கூப்புட வேணாம் சாமி, இருந்தா போதும்" என்றாள். பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள், நகர்ந்தாள்.

அக்ஷயாவுக்கு இப்போது பன்னிரண்டு வயது. இன்றுவரை அம்மா என்று கூப்பிடவில்லை, எனக்குத் தெரிந்ததைத்தான் எழுதுவேன். ரோட்டுப் பக்கம் அவள் போவதில்லை, மணிக்கட்டில் முடிச்சும் இல்லை. காற்று வேண்டுமென்றால், அம்சவேணி எங்கே இருந்தாலும், வயலில் இருந்தாலும் அடுப்படியில் இருந்தாலும், தேடிக்கொண்டு வருவாள். வந்து எதிரே உட்கார்ந்து, இரண்டு விரலால் அம்மாவின் தாடையைத் தட்டுவாள். இரண்டு தட்டு, வேறு யாரையும் அவள் அப்படித் தட்டினதில்லை. அம்சவேணி கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு மூச்சை விடுவாள். அப்போது எங்கள் தெருவில் மட்டும் காற்று அடிக்கும், துணி காயப்போடுகிறவர்கள் போடுவார்கள், நெல் வைத்திருக்கிறவர்கள் முறத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவார்கள்.